பிரேக் லைட் எரியவில்லையா? பல்பு வாங்கக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முகப்பு விளக்கு போனால் அன்று இரவே தெரிந்துவிடும். பிரேக் லைட் போனால் பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். அவரும் சொல்லமாட்டார், ஹாரன் அடித்து, திட்டிவிட்டு முந்திப் போய்விடுவார். பிரேக் லைட் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடிய கார்கள் எங்களைப் போன்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் வந்துகொண்டே இருப்பது இதனால்தான். கொண்டு வருபவர்களில் பலர் கையில் புது பல்பும் இருக்கும். “மாத்திப் பாத்துட்டேண்ணே, எரியல” என்பார்கள். போனது பல்பாக இருந்தால்தானே எரியும்?

எதையும் கழற்றுவதற்கு முன்னால், எது எரிகிறது, எது எரியவில்லை என்று முழுதாகப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கூட ஆள் இல்லையென்றால், இருட்டிய பிறகு ஒரு சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமே எந்தப் பக்கம் குறைகிறது என்று காட்டிவிடும். இல்லையா, போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, அல்லது அதன் ஹோல்டர். இடது, வலது, நடு மூன்றுமே எரியவில்லை என்றால் பல்பைத் தொடவே வேண்டாம். மூன்றும் சேர்ந்து போவது அபூர்வம். பியூஸைப் பாருங்கள். சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ். ஹாரனும் அடிக்கவில்லை என்றால் விடை கிடைத்த மாதிரிதான். பியூஸ் நன்றாக இருந்தால், அடுத்து பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்ச். பிரேக்கை மிதித்தும் பட்டன் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பார்க்கிங்கை விட்டு நகரவில்லை என்று வரும் புகார்களிலும் சில நேரம் இந்த ஸ்விட்ச்தான் காரணம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வண்டியைப் பூட்டிய பிறகும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் அந்த ஸ்விட்ச்சை அழுத்தி விளக்கை அணைத்து வைக்க, பெடல் தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை இருக்கும். வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அது பொடிந்து உதிர்ந்துவிடும். வில்லை இருந்த ஓட்டைக்குள் ஸ்விட்ச்சின் முனை போய்விடுவதால், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். டிரைவர் பக்க மேட்டில் பிஸ்கட் தூள் போலச் சில்லுகள் கிடந்தால் உடனே மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு 21 வாட் பல்பு எரிந்தாலே மூன்றரை ஆம்பியர் இழுக்கும். சின்னக் காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி அதற்கு ஒரு ராத்திரி தாங்காது. வில்லை சில ரூபாய்ப் பொருள். அதைக் கவனிக்காமல் புது பேட்டரி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அதே கணக்கைப் பியூஸுக்கும் போடலாம். மூன்றரை, நான்கு ஆம்பியர் ஓடும் இடத்தில் 10 ஆம்பியர் பியூஸ் சும்மா போகாது. திரும்பத் திரும்பப் போனால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். ஹேட்ச்பேக்காக இருந்தால் டிக்கி கதவின் கீல் பக்கம் இருக்கும் ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடியே உள்ளே வயர் வெடித்திருக்கும். எலி கடித்ததும் இருக்கலாம். சிவப்பு 10-ஐ எடுத்துவிட்டு மஞ்சள் 20-ஐச் சொருகுவது, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது எல்லாம் வயரிங்கைக் கொளுத்தும் வேலை.

எங்களையே சுற்ற வைப்பது எர்த் கோளாறு, அதாவது விளக்கிலிருந்து கரண்டு வண்டியின் பாடிக்குத் திரும்பும் இணைப்பில் வரும் கோளாறு. பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் மங்கலாக எரியும்; கூடவே பார்க்கிங் லைட்டும், சில வண்டியில் டேஷ்போர்டு விளக்கும் லேசாகக் கண் திறக்கும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணம் எளிது. ஒரே ஹோல்டரில் பிரேக்குக்கு 21 வாட் இழை, பார்க்கிங்குக்கு 5 வாட் இழை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் விட்டுப்போனால் கரண்டு பாடிக்குப் போக வழியில்லாமல், 5 வாட் இழை வழியே பின்னோக்கி ஓடி மற்ற பார்க்கிங் விளக்குகளைத் தேடிப் போகும். ஹோல்டரைக் கழற்றினால் கப்ளரில் (வயரைச் சொருகும் இணைப்பில்) ஒரு பின் கருகியோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருக்கும். உப்புத்தாளால் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுவதுதான் சரி.

இண்டிகேட்டர் தன் கோளாறைத் தானே சொல்லும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஒரு பக்கம் போட்டால் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. இறங்கி ஒரு சுற்று வந்தாலே தெரியும். இரண்டு பக்கமும் வேலை செய்யாமல் ஹசார்ட் (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) மட்டும் மின்னினால் பல்பும் வயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. பியூஸையும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச்சையும் பாருங்கள்.

எல்இடி பல்பு போட்ட பிறகு படபடக்கிறதா? அது கோளாறில்லை. எல்இடி குறைவாக இழுப்பதால் பல்பு போய்விட்டதென்று வண்டி ஏமாறுகிறது. அந்தக் குறைவை ஈடுகட்டச் சேர்க்கும் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சுடும். அதை பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ ஒட்டாமல் இரும்புத் தகட்டில் திருகு போட்டு மாட்டச் சொல்லுங்கள். கம்பெனியிலிருந்தே எல்இடியாக வரும் விளக்கு நல்லதுதான். இழை பல்பைவிடச் சுமார் 0.2 வினாடி முன்னால் எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு நாலு மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கும் மலிவான இரட்டை எல்இடியில் பார்க்கிங் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. இரவில் நீங்கள் பிரேக் போட்டது யாருக்கும் தெரியாது. நான் போட்டுத் தருவதில்லை.

பல்பு மாற்றும்போது பழையதைக் கையில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. திருப்பி வைத்து அழுத்தித் திணித்தால் இழைகள் இடம் மாறி, பார்க்கிங் லைட் கண்ணைப் பறிக்கும், பிரேக் லைட் மினுங்கும். இண்டிகேட்டர் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் மஞ்சள் பல்புதான் போட வேண்டும். அதன் முளைகள் வேறு கோணத்தில் இருப்பதே சாதா பல்பு உள்ளே போகக்கூடாது என்பதற்காக. அந்த முளையை அரத்தால் தேய்த்துப் போட்டவர்களையும் பார்த்தாயிற்று.

மூடித் திருகுவதற்கு முன் பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எர்த் கோளாறு ஒளிந்துகொள்ளும். லேம்ப்புக்குள் தண்ணீர் கோத்திருந்தால் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். சிலிக்கான் பூசுவதானால் ஓரத்தில் மட்டும் பூசுங்கள். பின்பக்கம் காற்றுப் போக ஒரு சின்ன துளை இருக்கும், அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் ஹோல்டர் மறுபடி களிம்பு பிடித்துவிடும்.