கொக்கைப் பிரித்துப் பார்த்தால்

காகிதக் கொக்கு ஒன்றைச் செய்து, சிறகை விரிக்காமல் தட்டையாக அழுத்தி, அப்புறம் முழுதாகப் பிரித்துவிடுங்கள். சதுரம் முழுக்கக் கோடுகள். சில மேடு, சில பள்ளம். தாளின் உள்ளே கோடுகள் கூடும் புள்ளி ஒன்றில், கடைசி வரை மடிந்திருந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் எப்போதும் 2தான்.

இது மயேகாவா தேற்றம். ஏன் 2 என்று புரிய ஓர் எறும்பு போதும். மடித்த நிலையில், அந்தப் புள்ளியைச் சுற்றி அது தாள்மேல் நடக்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் 180 பாகை திரும்புகிறது: மேட்டில் ஒரு பக்கம், பள்ளத்தில் எதிர்ப்பக்கம். புறப்பட்ட இடத்துக்கு வரும்போது மொத்தத்தில் ஒரே சுற்று, அதாவது 360 பாகை. 180-ஆல் வகுத்தால் 2. அதே எறும்பு ஒரு துண்டில் முன்னே போனால் அடுத்த துண்டில் பின்னே வருகிறது. கிளம்பிய இடத்திலேயே முடிய, முன்னும் பின்னும் சமமாக வேண்டும். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. இது கவாசாகி தேற்றம்.

சரி, எல்லாப் புள்ளிகளும் விதிப்படி அமைந்தால் தாள் மடிந்துவிடுமா? அதுவும் நிச்சயமில்லை. தாள் தன்னையே துளைத்துப் போக முடியாதே! எந்த அடுக்கு எதன்மேல் என்பதுதான் தலைவலி. கணினிக்கும் இது பொதுவாகக் கடினமான கணக்கு என்று பெர்ன், ஹேய்ஸ் இருவரும் 1996-இல் நிறுவினார்கள்.

உருவம் வடிப்பவர்களின் சிக்கல் வேறு. பூச்சிக்கு ஆறு கால் வேண்டும், தாளுக்கோ நான்கே மூலை. இயற்பியலாளர் ராபர்ட் லாங் கையாண்ட வழி: ஒவ்வொரு காலுக்கும் அதன் நீளத்தையே ஆரமாகக் கொண்ட வட்டம் ஒன்றைத் தாளில் ஒதுக்குவது. மூலையில் வைத்தால் கால்வட்டமே போதும் (கால் பங்கு, பூச்சியின் கால் அல்ல). வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சதுரத்தில் அடங்கினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அவர் எழுதிய ட்ரீமேக்கர் என்ற மென்பொருள் கோடு போட்டுத் தரும்.

எனக்குப் பிடித்தது என்னவோ ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியூராவின் மடிப்புதான். சாய்ந்த இணைகரங்கள் வரிசை வரிசையாக; ஒவ்வொரு புள்ளியிலும் ஒருவகைக் கோடு மூன்று, மற்றது ஒன்று. மறுபடி அதே 2! எல்லாக் கோடுகளும் ஒன்றையொன்று பிணைத்திருப்பதால், எதிரெதிர் மூலைகளை இழுத்தால் முழுத்தாளும் சேர்ந்தே விரியும். 1995-இல் ஜப்பானின் ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் செயற்கைக்கோளில் சூரியத் தகட்டை இப்படி விரித்துச் சோதித்தார்கள்.

ஒரு சங்கடம்: கணக்கில் தாளின் தடிமன் பூஜ்யம். உண்மையான தகடுகள் தடித்தவை, மடித்தால் இடிக்கும். அதனால் கீல்களை விளிம்புக்குத் தள்ளி, இடைவெளி விட்டு, மறுபடி எறும்பை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.