அந்நிய மரபணு யாருக்கு அந்நியம்?

போன வாரமும் ஒருவர். மார்பகப் புற்று. இரண்டு கீமோவிலேயே கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதுக்கு அந்த அம்மா வரவில்லை. ஆறு வாரம் கழித்து மகன் மொபைலை நீட்டுகிறார்: "கேன்சரைத் தின்னுற வைரஸ் ஊசி வந்துடுச்சாமே டாக்டர்?" கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் இருந்ததைவிடப் பெரிது.

ஊசி இருப்பது உண்மை. பெயர் டி-வெக். 2015 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு, அதுவும் அறுவையால் முழுதாக எடுக்க முடியாத, ஊசி எட்டும் கட்டிகளுக்கு மட்டும். மார்பகத்துக்கு இல்லை. 436 பேரிடம் செய்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களில் ஆறு மாதமாவது நீடித்த பலன் 16.3 சதவீதம் பேருக்குத்தான். வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். "அந்நிய மரபணுவை ஏத்துறாங்களாம், பேரன் பேத்தி வரைக்கும் பாதிக்குமாம்." அய்யா, அது வைரஸுக்குத்தான் அந்நியம், உங்களுக்கு இல்லை! ஊசியில் இருக்கும் வைரஸுக்குள்ளே வைத்திருப்பது ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்துக்கான மனித மரபணு. அந்தப் புரதத்தை உங்கள் உடம்பே தினமும் தயாரிக்கிறது. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்களின் 'கவுன்ட்' ஏற நாங்கள் போடும் ஊசிக்குப் பங்காளி முறை. வைரஸ் கட்டியை உடைக்கும் இடத்தில் எதிர்ப்புச் செல்களைக் கூவி அழைப்பதற்காக அதைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த வைரஸ் நம் மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்ளும் ரகமும் இல்லை. பேரனுக்கு எப்படிப் போகும்?

வைரஸ் எது என்றால், வாயோரத்தில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ். நோய் உண்டாக்கும் மரபணுவை வெட்டி எடுத்தது. அக்கி வேறு வைரஸ். அக்கி வந்தால் புற்று கரையும் என்று நம்பி யாரும் காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டில் உறவினர் யாராவது இதைப் போட்டுக்கொண்டால், ஊசி போட்ட இடத்தை மூடியே வைக்கச் சொல்லுங்கள். கட்டு மாற்றுபவர் கையுறை போடவேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகவேண்டாம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த ஊசியே கூடாது. மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறைய வைக்கும் சரக்கு இது. ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

வீடியோ பார்த்தீர்களா, சரி, எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். ஆனால் கீமோ தேதியன்று வாருங்கள். அந்த அம்மாவுக்கு இப்போது மறுபடி ஸ்கேனிலிருந்து ஆரம்பிக்கிறோம்.