பெர்லின் மதில்

எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் பெட்டிக்குள் போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த செஸ் போட்டி. கறுப்புக் காய்கள் என் மருமகனுக்கு. ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தும் 'கோட்டை கட்டும்' வாய்ப்பை இழந்து அவனுடைய ராஜா நடுவில் நிற்க, பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு பிளேன்ரீ குடிக்கும்போது கேட்டேன்: "ஏன் தம்பி ராணியை மாத்தினனி?"

"ராணி இல்லாட்டி ராஜாவை ஆர் மாமா துரத்திறது?"

ஸ்பானியத் திறப்பு என்று வெள்ளை ஆட்டத்தைத் தொடங்கும் முறைக்குக் கறுப்பு சொல்லும் பழைய பதில் இது, பெர்லின் தற்காப்பு. 2000இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், சவால்விட்ட கிராம்னிக் இதைக் கையில் எடுத்தார். பட்டத்தை வைத்திருந்த காஸ்பரோவ் நான்கு ஆட்டங்களில் முட்டிப் பார்த்தார், நான்கும் சமநிலை. 15 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் பட்டத்தைப் பறிகொடுத்தார். 'பெர்லின் சுவர்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வழக்கில் மதில் என்றால் இன்னும் பொருந்தும்.

ராணிகள் போனபின் இருபக்கமும் ஏழேழு காலாட்கள். ஆனால் வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் மூன்றுக்கு எதிராக நான்கு. அவற்றில் ஒன்றை மெல்ல மெல்லத் தள்ளி ராணியாக்கலாம். கறுப்புக்கு மறுபக்கத்தில் நான்கு இருந்தும், இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் சிக்கியிருப்பதால் அவ்வளவு பயனில்லை. மற்றக் காய்களையெல்லாம் எடுத்துவிட்டால் வெள்ளை வெல்லும். எடுக்கவிடாமல் பார்ப்பதுதான் கறுப்பின் வேலை.

அதற்கான கைவேலை நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மந்திரியும் மூலைவாக்கில் ஒரே நிறக் கட்டங்களில்தான் ஓடும். வெள்ளை தன் வெண்கட்ட மந்திரியை ஆரம்பத்திலேயே குதிரைக்கு மாற்றிவிட்டது. மிஞ்சியது கருங்கட்டத்தில் ஓடுவது மட்டும். கறுப்பு தன் கருங்கட்ட மந்திரியை ஒரு குதிரைக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சும் இரண்டு மந்திரிகளில் ஒன்று ஓடும் கட்டத்தை மற்றது தொடவே முடியாது. வெள்ளையின் முன்னணிக் காலாள் நிற்பது ஈ5 என்ற கட்டத்தில், அது கருங்கட்டம். அதற்கு நேர் முன்னால் அதை மறிக்கும் ஈ6 வெண்கட்டம். அங்கே கறுப்பு ராஜா குந்தினால் அந்த மந்திரியால் எழுப்ப ஏலாது.

மருமகனின் ஆட்டத்தில் நடந்ததும் இதுதான். இடையில் ஒரு காலாளைப் பறிகொடுத்தான். எதிரே இருந்த பெடியன் மந்திரியை இங்கும் அங்கும் ஓட்டினான். இவன் ராஜாவை ஈ6இலிருந்து அசைக்காமல் தன் மந்திரியை மட்டும் ஆட்டினான். அதே நிலை மூன்றாம் தடவை வந்ததும் மணிக்கூட்டை நிறுத்தி, சமநிலை கேட்டு நடுவரைக் கூப்பிட்டான். நகர்த்தல்களை எழுதிய தாளை நடுவர் சரிபார்க்கும்வரை அந்தப் பெடியன் தன் மேலதிகக் காலாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.