ஆன்டிடிரஸ்ட் என்றால் ஏகபோகத் தடை

கூகுள், ஆப்பிள், அமேசான், மெட்டா மீது வழக்கு என்று செய்தி வரும்போதெல்லாம் ‘ஆன்டிடிரஸ்ட்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அவசர மொழிபெயர்ப்புகளில் அது ‘நம்பிக்கை எதிர்ப்பு’ ஆகிவிடுகிறது. நாகர்கோவிலில் செல்போன் கடை வைத்திருப்பவர் இதைப் படித்தால் அவருக்கு என்ன புரியும்? நம்பிக்கைக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

‘ஆன்டி’ என்றால் எதிர்ப்பு. அதோடு ஒட்டி வரும் ‘டிரஸ்ட்’, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைக்கிறோமே, அந்த வகை ஏற்பாடு. சொத்தின் பலன் ஒருவருக்கு, நிர்வாகம் டிரஸ்டிகள் கையில். 1882-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் முதலாளி ராக்பெல்லரும் கூட்டாளிகளும் இதை எண்ணெய் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். பல நிறுவனங்களின் பங்குகள் 9 டிரஸ்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பெயருக்குப் பல கம்பெனிகள், முடிவெடுப்பது அந்த ஒன்பது பேர். சர்க்கரை, விஸ்கி முதலாளிகளும் அதே வழியில் போனார்கள். இதைத் தடுக்க வந்ததுதான் 1890-இன் ஷெர்மன் சட்டம். 1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்த டிரஸ்டுகள் போய்விட்டன, பெயர் மட்டும் சட்டத்தில் தங்கிவிட்டது.

ஆகவே பொருளைப் பார்த்துத்தான் தமிழாக்க வேண்டும். ‘ஏகபோகத் தடை’ சரியாகப் பொருந்தும். ஏகம் ஒன்று, போகம் அனுபவம். ஊர் நிலம் முழுவதும் ஒரே ஆள் வசம் இருந்தால் அதை ‘ஏகபோக கிராமம்’ என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் ‘முற்றுரிமை’ என்று இருக்கும், அதுவும் நல்ல சொல்தான். பேச்சில் ‘மொத்தமா குத்தகைக்கு எடுத்துட்டான்’ என்போம்.

இது குமரி மாவட்டத்துக்குப் பழைய சங்கதி. 1741-இல் நடந்த குளச்சல் போரை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த வீரக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சண்டைக்கு அடியில் கிடந்தது நல்லமிளகு. மிளகைத் தங்களுக்கு மட்டுமே, பேசிய விலைக்கே தரவேண்டும் என்று மலபார் கரைச் சிற்றரசர்களை டச்சுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைத்திருந்தது. அந்தப் பிடியைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா உடைத்தார். அப்புறம் அவரே மிளகு வியாபாரத்தைத் தன் அரசின் ஏகபோகமாக்கினார். விளைவித்தவர் அரசு வைத்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிற ஆள் மாறினாரே தவிர, விவசாயி விலை பேச இன்னொரு ஆள் வரவில்லை. குளச்சல் வெற்றித்தூணைக் காட்டும்போது பிள்ளைகளுக்கு இந்தப் பாதியையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, பெரிதாக வளர்வதே குற்றமா? இல்லை. இந்தியாவில் 1969-இன் ஏகபோகச் சட்டம் போய், 2002-இன் போட்டிச் சட்டம் வந்தது. அதன்படி ‘ஆதிக்க நிலை’ தவறல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதே தவறு. புது ஆண்ட்ராய்டு போனைத் திறந்து பாருங்கள். முகப்பிலேயே கூகுள் தேடல் பெட்டி, யூடியூப், குரோம். நீங்கள் எதையும் போடவில்லை, சிலவற்றை நீக்கவும் முடியாது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் மற்ற செயலிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதும் காரணங்களில் ஒன்றாக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை நின்றது. தேடல் சந்தையில் கூகுள் சட்டத்தை மீறித் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

எழுதும்போது அமெரிக்க வழக்கை ‘ஏகபோகத் தடை வழக்கு’ என்றும், இந்திய வழக்கைச் சட்டத்தின் பெயரிலேயே ‘போட்டிச் சட்ட வழக்கு’ என்றும் சொல்லலாம். சிலர் போடும் ‘தனியுரிமை’ மட்டும் இங்கே வேண்டாம். அந்தச் சொல் இப்போது பிரைவசிக்கு நிலைத்துவிட்டது. இதே நிறுவனங்கள் மீது அந்த வழக்குகளும் நடப்பதால் வாசகர் குழம்பிப்போவார்.