டிஸ்டோபியா: கொடுவுலகு

கிரேக்கத்தில் ‘டோபோஸ்’ என்றால் இடம். ‘டிஸ்’ என்பது கெட்டது, இடர்மிக்கது என்னும் பொருள்தரும் முன்னொட்டு. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் இடர்ப்பாடு) முதலிய மருத்துவச் சொற்களின் தலையில் நிற்பதும் அதுவே. இவ்விரண்டும் சேர்ந்த டிஸ்டோபியா, 1516இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் தம் நூலுக்காக ஆக்கிய ‘யுடோபியா’ என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல். எங்குமில்லாத இடம், நல்லிடம் ஆகிய இரு பொருளும் ஒலிக்கும்படி மோர் வைத்த சிலேடை, தமிழில் இல்லுலகு, நல்லுலகு என்று சொன்னால் ஏறத்தாழக் கிடைத்துவிடுகிறது. 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அயர்லாந்து குறித்துப் பேசிய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லதை விரும்புவோர் யுடோபியர் என்றால், ஒவ்வாத அளவு கெட்டதை விரும்பும் அரசுத் தரப்பினர் டிஸ்டோபியர் என்று சாடினார்.

பேரழிவுக்குப் பிந்தைய பாழ்நிலத்தையும் இச்சொல்லால் குறிப்பது பொருத்தமன்று. டிஸ்டோபியாவில் எதுவும் இடிந்து கிடக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது, அந்த ஒழுங்குதான் கொடுமை. பிரிட்ஸ் லாங் இயக்கி 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் மேலே கண்ணைப் பறிக்கும் கோபுரங்களும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டரங்கும், நிலத்தடியில் தொழிலாளர் நகரமும் இருக்கின்றன. பணிமுறை மாறும் காட்சியில், பத்து மணிநேரமே கொண்ட கடிகாரம் காட்டப்பட்டதும், தலை கவிழ்ந்த இரு வரிசைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. வேலை முடித்து வரும் வரிசை, உள்ளே போகும் வரிசையின் பாதி வேகத்தில்தான் நகர்கிறது.

டிஸ்டோபியாவுக்குத் தமிழில் ‘தீயுலகு’ என்றால் நெருப்பு நினைவுக்கு வரும். ‘கேட்டுலகு’ இலக்கணப்படி சரியே, ஆனால் கேடு மறைந்து கேட்டல் முன்னே நிற்கிறது. ‘நரகம்’ செய்த பாவத்துக்குக் கிடைப்பது. இங்கோ கீழ்த்தளத்தில் பிறந்ததைத் தவிர வேறு குற்றமில்லை.

ஆகவே ‘கொடு’ என்னும் அடைமொழியே எனக்குப் பொருந்தித் தோன்றுகிறது. கொடுமைக்கு வளைவு என்றும் பொருளுண்டு. கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில். செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமாக வள்ளுவர் கொடுங்கோன்மையை வைத்தார். அங்கே கோல் முறிந்துவிடவில்லை, அரசன் கையில்தான் இருக்கிறது, ஆனால் வளைந்திருக்கிறது. டிஸ்டோபியாவின் நிலையும் அதுவே என்பதால் அதைக் ‘கொடுவுலகு’ எனலாம், அவ்வகைத் திரைப்படத்தைக் கொடுவுலகப் படம் எனலாம். ‘மெட்ரோபொலிஸ்’ இறுதியில் நகரத்தலைவனும் தொழிலாளர் மேற்பார்வையாளனும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். பத்து மணிக் கடிகாரம் என்னவாயிற்று என்பதைப் படம் சொல்வதில்லை.