சின்னாருக்குப் பறவை எண்ண வருகிறவர்களுக்கு

கார்த்திகை பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "சார், சின்னார்ல சர்வேயாமே, நானூறு எம்எம் லென்ஸ் போதுமா?" "மஞ்சள்தொண்டைச் சின்னான் கண்டிப்பா கிடைக்குமா?" "சாயங்காலம் ஜீப்ல கூட்டிட்டுப் போவாங்களா?" மூன்றையும் ஒரே ஆள் கேட்டால் பதில் போடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவேன். நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவர் வருவது பறவை பார்க்க. எண்ணுவது வேறு வேலை, பல நேரம் அலுப்பான வேலை. ஆள் சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடாமல் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு உடுமலைப்பேட்டை. காட்டுயிர் ஆய்வு தொழில். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எல்லையின் இரண்டு பக்கமும் தன்னார்வலர்களைத் திரட்டிக் கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். சின்னார் சரணாலயம் கேரளத்து இடுக்கி மாவட்டம் என்றாலும் எங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. உடுமலையிலிருந்து மூணாறு போகிற ரோட்டில் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வந்துவிடும். 1984-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். கேரளம் என்றதும் மனசில் வருகிற ஈரக்காடு இங்கே கிடையாது. தென்மேற்குப் பருவமழையை மேற்கே இருக்கிற மலை வாங்கிக்கொள்வதால் இது மழை மறைவு நிலம்: உசில், கள்ளி, முள், பாறை. ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது ஓங்கி நிற்கும், அதில் நரை அணில் தாவும். பாம்பாறு பெரும்பாலான கேரள ஆறுகளைப் போல மேற்கே போகாமல் கிழக்கே ஓடி நம் அமராவதியில் சேர்கிறது. அதே மலையில் மேலே ஏறினால் மட்டும் ஈரமான சோலைக்காடு. அதாவது, கொஞ்ச தூரத்துக்குள்ளேயே பறவைப் பட்டியல் ஆளே மாறிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பறவையியலாளர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர் பறவைகளைக் கணக்கெடுத்தபோது சின்னாருக்குப் பக்கத்து மறையூரிலும் முகாம் போட்டார். எந்த இடம், எந்தத் தேதி என்று அவர் குறித்துவைத்துப் போனதால்தான் இன்றைக்கும் அன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அப்புறம், 2015-லிருந்து 2020 வரை கேரளம் முழுக்க நடந்த பறவை அட்லஸ் வேலையை, அதாவது எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று வரைபடமாக்கின வேலையைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், எல்லாருக்கும் ஒரே விதி: ஒதுக்கின கட்டத்துக்குள் போ, பதினைந்து நிமிஷம் எண்ணு, பட்டியலை முடி, அடுத்த கட்டம். மாநிலம் முழுக்க 361 இனங்கள் பதிவாயின. அந்தக் கட்டம் ரப்பர் தோட்டமாக இருக்கும், சில நேரம் பஸ் ஸ்டாண்ட் பக்கமாகக்கூட இருக்கும், அங்கே காக்கையும் மைனாவும்தான் கிடைக்கும், எண்ணத்தான் வேண்டும். "ஒண்ணுமே இல்லீங்க சார், வெறும் தவிட்டுக்குருவிதான்" என்று ஒருத்தர் சலித்துக்கொண்டு தாளை நீட்டினால் நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன், அவர் எத்தனை தவிட்டுக்குருவி என்று எழுதியிருந்தால்.

சரி, திட்டம் போடுகிற கதைக்கு வருகிறேன். முதல் வருஷம் நான் திட்டம் போட்டது லேப்டாப்பில். வரைபடத்தைத் திறந்து, கட்டம் கிழித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. பார்க்க அவ்வளவு அழகு. முந்தின நாள் சாயங்காலம் முகாமில் பிரிண்ட் எடுத்த தாளை வனத்துறை வாச்சர் (காட்டுக் காவலாளி) ஒருவரிடம் நீட்டினேன். முதுவான் குடியைச் சேர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்றாவது கோட்டில் விரல் வைத்தார். "இது வழி இல்லை சார். ஆனைத்தாரை. காலையில அது தண்ணி குடிச்சிட்டு ஏறுற நேரம், நாம இறங்குற நேரம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கெனவே வனத்துறைக்குக் கடிதத்தில் வரைபடத்தோடு அனுப்பியாகிவிட்டது அண்ணே, இந்த ஒரு தடவை பார்த்துக்கலாம் என்றேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

மறுநாள் அந்தக் கோட்டில் ஆறு பேர் போனோம், நாலு பேர்தான் போயிருக்க வேண்டும். ஆறே முக்கால் இருக்கும். முன்னால் போன அண்ணன் நின்று, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் விரித்துக் காட்டினார். வழியில் யானை லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி புழுதி எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து மெதுவாக விட்டார். புழுதி எங்களைத் தாண்டி, முன்னால் இருந்த உசிலம் புதர் பக்கம் போனது. எங்கள் வாசனையும் அங்கேதான் போகிறது என்று அர்த்தம். புதருக்குள் கிளை ஒடிகிற சத்தம் நின்றது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்கூடத் தைரியமாக இருக்கலாம், அது நிற்கிறபோதுதான் வயிற்றைப் பிசையும். சரியாக அந்த நேரத்தில் கடைசியில் வந்த பையன், "ஒரு நிமிஷம்ணே, பச்சைவாய்ச் செண்பகம்" என்று கேமராவைத் தூக்கினான். அண்ணன் அவன் முழங்கையைப் பிடித்தார். யாரும் ஓடவில்லை. வந்த வழியே, அவர் கைகாட்டினபடி, சரிவில் ஏறிச் சுற்றி முகாமுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது.

அன்றைக்குப் பெரிய தப்பு அதுவும் இல்லை. சாயங்காலம் தாள்களைச் சேர்த்தபோது எங்கள் கோட்டின் இரண்டாவது கிலோமீட்டரும் நிரம்பியிருந்தது. நாங்கள் காலே வைக்காத கிலோமீட்டர்! குழுவில் ஒருத்தர், "இங்க வழக்கமா இருக்கிற பறவைங்கதானே சார், காலியா விட்டா நல்லா இருக்காதுன்னு" என்று காட்டுக்கோழி நாலு, மயில் இரண்டு, வெண்புருவச் சின்னான் ஆறு என்று எழுதிவைத்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாதியில் திரும்பினால் அது தோல்வி என்று அவரை நினைக்க வைத்தது யார்? நேர்கோடு போட்ட நான்தான்.

அதனால் இப்போது என் தாளில் மேலேயே ஒரு பெட்டி உண்டு: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் நிறுத்தினோம். "7.10, ஓடைத் திருப்பம், யானை" என்று எழுதி நிறுத்தின தாள் முழுத் தாள்தான். எண்ணின தூரமும் நேரமும் சரியாக இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கற்பனையில் வந்த நாலு காட்டுக்கோழியை எந்தக் கணக்காலும் வெளியே எடுக்க முடியாது. வழிகளை இப்போது நான் வரைவதும் இல்லை. இரண்டு மாதம் முன்னாலேயே போய் வாச்சர்களோடு உட்கார்ந்து, அவர்கள் தினமும் ரோந்து நடக்கிற வழிகளைக் கேட்டு, அதிலிருந்து முள்காடு, ஆற்றங்கரை, பாறைச் சரிவு என்று எல்லா வகையும் வருகிற மாதிரி பொறுக்கிக்கொள்கிறேன். யானையும் காட்டுமாடும் எந்த மாதம் எங்கே நிற்கும் என்பது எந்த மென்பொருளிலும் இல்லை.

அனுமதி விஷயம் சுருக்கமாக. சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ கணக்கெடுப்புக்கோ நுழைவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுக்குள் வருகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை எல்லாம் முன்கூட்டியே போய்விடும். "என் மச்சானும் வர்றான் சார், கார்ல இடம் இருக்கு" என்று முந்தின ராத்திரி போன் செய்யாதீர்கள், கார் இருக்கிறது என்பதற்காகக் காட்டில் இடம் இருக்காது. ட்ரோன் கூடாது. பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைப்பதும் கூடாது. அது எண்ணிக்கையையும் கெடுக்கும், கூடு கட்டுகிற பறவையையும் அலைக்கழிக்கும்.

குழுவில் நாலு பேர் என்றால் இரண்டு பேர் பார்க்க, ஒருத்தர் எழுத, முன்னால் வாச்சர். எழுதுகிறவர் பைனாகுலரைத் தொடவே கூடாது என்பது என் விதி, நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை. மூன்று வேளை எண்ணினால் வேளைக்கு ஒருத்தராக மாற்றிக்கொள்ளலாம். கேமரா குழுவுக்கு ஒன்று, அதுவும் சந்தேகம் வந்தால் சாட்சிக்கு. செல்போன் செயலியில் பதிகிறவர்கள் அந்த வட்டாரப் பறவைப் பட்டியலை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வாருங்கள், உள்ளே சிக்னலை நம்ப முடியாது. எனக்கு இன்னமும் நோட்டும் பென்சிலும்தான், மழையில் பென்சில் அழியாது.

இப்போது அந்தச் சோலைக்காட்டு விஷயம். இன்னொரு வருஷம் கொச்சிப் பக்கமிருந்து ஒருவர் வந்திருந்தார், பறவைகளில் உண்மையிலேயே தேர்ந்த ஆள், காது என்னைவிட நாலு மடங்கு கூர்மை. பாறைச் சரிவு வழி அவருக்குப் போனது. தாளில் மஞ்சள்புருவச் சின்னான் இரண்டு. அவர் ஊர்ப் பக்கத்து ஈரக்காடுகளில் தினமும் பார்க்கிற பறவை, யோசிக்காமல் எழுதிவிட்டார். நானும் அப்படியே விட்டிருப்பேன். ராத்திரி கட்டன்சாயாவும் மறையூர் வெல்லமுமாக உட்கார்ந்து பட்டியலைச் சத்தமாகப் படித்தபோது, கூடப் போயிருந்த அதே அண்ணன், "அது அந்தக் குருவி இல்லை சார்" என்றார். எப்படி அண்ணே என்றேன். "நீங்க சொல்றது மேலே சோலையில இருக்கும், வயிறெல்லாம் மஞ்சள். இது பாறையை விட்டு வராது. உடம்பு சாம்பல், தலையில மட்டும் மஞ்சள் பூசினாப்ல." கொச்சிக்காரர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேமராவில் இருந்த மங்கலான ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக்காடுகளில் மட்டும் வாழ்கிற, அழியும் ஆபத்துள்ள பறவைகள் பட்டியலில் இருக்கிற, எல்லாரும் லென்ஸோடு தேடி வருகிற அதே பறவை. நிபுணர் அதைத் தவறவிட்டார், வாச்சர் மீட்டுக் கொடுத்தார். அந்த வருஷத்திலிருந்து பட்டியலில் பார்வையாளர் பெயர் எழுதுகிற இடத்தில் வாச்சரின் பெயரும் வருகிறது. ராத்திரி சத்தமாகப் படிப்பதும் நிற்கவில்லை, தூக்கம் வந்தாலும் உட்கார வேண்டும்.

சாப்பாடும் அப்படித்தான். முதல் வருஷம் இருபத்துநாலு தன்னார்வலர்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் எண்ணி வாங்கினேன். வாச்சர்கள் ஆறு பேரை எண்ணவில்லை. பறவை எண்ணப் போனவன் ஆளை எண்ணத் தெரியாமல் நின்றேன்.

மருத்துவம்: புறப்படுவதற்கு முந்தின வாரம் மறையூர்ப் பக்கமும் உடுமலைப் பக்கமும் எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறது என்று போனில் கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறேன், ஒரு வண்டி எப்போதும் முகாமிலேயே நிற்கும். கடிபட்டவரை நடக்க விடக்கூடாது, கட்டு இறுக்கிப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். அப்புறம், யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்று. புதர்க்காட்டில் நடந்து வீடு திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால், இடுக்கு மடிப்புகளில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் அடங்கும், விட்டால் ஐசியூ வரைக்கும் இழுக்கும்.

தேதியை வைத்துத்தான் நிறையப் பேர் என்னோடு சண்டை போடுகிறார்கள். "குடியரசு தினம் லாங் வீக்எண்ட், அப்போ வைங்களேன்." "பிப்ரவரி கடைசியில இலையெல்லாம் உதிர்ந்து பறவை நல்லாத் தெரியுமே." தெரியும்தான். ஆனால் அப்போது காட்டுத் தீ காலம் தொடங்கிவிடும், வாச்சர்கள் ராத்திரி பகலாகத் தீக்காவலில் நிற்பார்கள், அவர்களை இழுத்து நம்மோடு நடக்கச் சொல்வது நியாயமே இல்லை. நீர்நிலைகள் வற்றிவிட்டால் யானைகளும் ஆற்றோரம் குவியும்.

இந்த வருஷமும் அண்ணனிடம்தான் கேட்டேன். விரலை மடக்கி எண்ணினார். "தை பிறந்ததும் வேண்டாம் சார், எங்க குடியில பொங்கல், ஒருத்தரும் வரமாட்டோம். மார்கழி கடைசிக்கு ஒரு வாரம் முன்னால வாங்க. மழை விட்டிருக்கும், எல்லா ஓடையிலயும் தண்ணி கிடக்கும், ஆனை ஒரே இடத்துல நிக்காது. அந்த ஆறுமணிக்குருவியும் கத்தும்."

அந்த வாரத்தைத்தான் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.