டில்ட் என்றால் சாய்வு இல்லை

"சாய்வு வந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள்." தரவரிசையில் மேலே ஏற வழி சொல்லும் தமிழ்க் குறிப்புகளில் இந்த வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? போட்டி வீடியோ கேம் ஆடுகிறவர்கள் 'டில்ட்' என்று சொல்வதைத்தான் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாக ஆட வந்தவர் இதைப் படித்தால், கைப்பேசியைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவில் ஏதோ கோளாறு என்று செட்டிங்ஸைத்தான் திறப்பார். அவர் மேல் தப்பே இல்லை.

டில்ட் ஒரு மனநிலை. அடுத்தடுத்துத் தோற்கிறோம், கூட ஆடுகிறவர் சொதப்புகிறார், அல்லது எதிராளி நம்மை வீழ்த்திவிட்டு மேலே நின்று ஆட்டம் போடுகிறார். அதற்குப் பிறகு நாம் ஆடுவது நம் ஆட்டமாக இருப்பதில்லை. கற்ற வித்தை எங்கும் போகவில்லை, முடிவெடுப்பதுதான் கெட்டுவிடுகிறது. திரை மூலையில் இருக்கும் சின்ன வரைபடமான மினிமேப்பைப் பார்க்க மாட்டோம், தனியாக ஓடிப்போய் மாட்டுவோம், போன புள்ளியை இன்றைக்கே மீட்டாக வேண்டும் என்று இன்னொரு மேட்ச், அப்புறம் இன்னொன்று.

சொல் வந்த வழி பின்பால் இயந்திரம், சாய்ந்த பலகையில் பந்தை உருளவிட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் அது. பந்து நினைத்த பக்கம் உருளாததால் இயந்திரத்தையே தூக்கிக் குலுக்குகிறவர்களைத் தடுக்க, 1930களில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஹாரி வில்லியம்ஸ் கொண்டுவந்த பொறிதான் டில்ட். பின்னால் நிலைத்த வடிவத்தில், அளவு மீறி ஆட்டினால் உள்ளே தொங்கும் குண்டு சுற்றியிருக்கும் வளையத்தைத் தொட்டு மின்சுற்றை இணைக்கும், டில்ட் விளக்கு எரியும், பந்தைத் தட்டும் துடுப்புகள் செயலிழக்கும், பந்து கண்ணெதிரே போய்விடும். ஆத்திரத்தில் ஆட்டியவர் கையிலிருந்த கட்டுப்பாடும் போச்சு. பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கர் ஆடுகிறவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து வீடியோ கேமுக்கு வந்தது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய வேரே 'நிலையற்ற' என்ற பொருள் உடையது.

இப்போது 'சாய்வு' தமிழில் என்னென்ன சொல்கிறது என்று பாருங்கள். சாய்வு நாற்காலி ஓய்வுக்கு. ஒரு பக்கச் சாய்வு என்றால் பாரபட்சம். ஆட்டத்துக்குள் வந்தால் இன்னும் மோசம்: சுவரோரம் சாய்ந்து எட்டிப் பார்ப்பது ஒரு உத்தி, 'அவனைச் சாய்த்துவிட்டேன்' என்றால் எதிராளியை வீழ்த்திவிட்டேன் என்று பொருள். 'நான் சாய்ந்துவிட்டேன்' என்று ஒருவர் மைக்கில் சொன்னால் கூட ஆடுகிறவர்கள் அவரைக் காப்பாற்றத்தான் ஓடி வருவார்கள். ஓய்வு, பாரபட்சம், வீழ்வது என்று எத்தனையோ பொருள் வருகிறது, மனம் கெட்டுப்போன பொருள் மட்டும் எங்குமே வரவில்லை!

'கோபம்' போதாதா என்பார்கள். போதாது. பேச்சில் 'காண்டாயிட்டேன்' என்பதும் கோபத்தோடு நின்றுவிடுகிறது. போக்கர் ஆடுகிறவர்களுக்கு மனப்பயிற்சி தரும் ஜாரட் டெண்ட்லர் டில்ட்டை ஏழு வகையாகப் பிரிக்கிறார்; நமக்கு அநியாயம் நடக்கிறது என்ற எண்ணம், சொந்தப் பிழையைப் பொறுக்க முடியாமை, வென்றே ஆக வேண்டிய உரிமை நமக்கு உண்டு என்ற நினைப்பு, பழிவாங்கும் துடிப்பு எல்லாம் அதில் தனித்தனி. வகை மாறினால் சரிசெய்யும் வழியும் மாறும். எல்லாவற்றையும் கோபம் என்று எழுதிவிட்டு 'கோபப்படாதே' என்று முடித்தால், படிக்கிறவர் எதைத்தான் திருத்திக்கொள்வார்? 'மன அழுத்தம்' அதைவிடத் தவறு, அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயத்தையும் சேர்த்துக் குறிக்கிறது.

'நிதானமிழப்பு' நல்ல முயற்சி. நிதானம் வடமொழி வழி வந்தது என்று நான் அதைத் தள்ளவில்லை. 'நிதானமாக ஆடு' என்றால் அவசரப்படாமல் மெதுவாக ஆடு என்றுதான் ஆட்டக்காரர் காதில் விழும், அது ஆட்டப் பாணி. வேகமாகப் பாய்ந்து ஆடுகிறவர் தெளிவான மனதோடு ஆடலாம், மூலையில் பதுங்கி மெதுவாக ஆடுகிறவர் முழு டில்ட்டில் இருக்கலாம்.

என் தேர்வு நிலைகுலைவு. நிலையும் குலைவும் நம் சொற்கள், யாருக்கும் விளக்க வேண்டாம். கோபத்தால் குலையலாம், பயத்தால் குலையலாம், தொடர்ந்து வென்ற மிதப்பிலும் குலையலாம். வினையாகவும் அழகாக வளையும்: நான் நிலைகுலைந்தேன், அவன் என்னை நிலைகுலைய வைத்தான். 'தடுமாற்றம்' சின்னச் சொல்தான், ஆனால் தடுமாறியவர் அடுத்த நொடியே சமாளித்துக்கொள்ளலாம். டில்ட் ஒரு ராத்திரி முழுக்க ஆளை விடாது.

நீளம் என்று ஒரு குறை சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவே யாரும் 'நிலைகுலைவு' என்று கத்தப் போவதில்லை, அங்கே டில்ட்டே இருக்கட்டும். நான் கேட்பது எழுத்தில். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம், 'கிரைண்ட்' என்பதற்கு 'அரைத்தல்' என்று எழுதுவதும் இதே வழியில்தான். விடாமல் ஆடி ஆடிப் பழகுவதற்கும் அரைப்பதற்கும் தமிழில் என்ன சம்பந்தம்? மொழிபெயர்க்கிறவர் அந்த ஆட்டத்தை ஒரு வாரமாவது ஆடிப் பார்க்க வேண்டும், தோற்றும் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் டில்ட் என்று தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள், சாய்வு மட்டும் வேண்டாம்.